கம்பி துறந்த கணினி

ஒரு பொருள் பழையதாவதற்கு இரு வழிகள் உண்டு. தேய்ந்து பழையதாவது ஒன்று. தான் தேயாதிருந்தும், தன்னைச் சூழ்ந்த உலகம் மாறிவிடுவதால் பழையதாவது மற்றொன்று. முன்னதற்குக் காலம் பொறுப்பு. பின்னதற்கு மனிதனே பொறுப்பு. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேசைக் கணினிக்கு நேர்ந்தது இந்த இரண்டாம் வகை முதுமையாகும்.

அதன் செயலி நலமாகவே இருந்தது. நினைவகத்தில் இடமிருந்தது. திரையும் ஒளி குன்றவில்லை. ஆயினும் இணைய இணைப்பு வீட்டின் முன்கூடம் வரையில்தான் வந்திருந்தது; கணினியோ பின்னறையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே சுவர். சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வேண்டும். இன்றேல் கணினியை ஒதுக்கிவிட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியாக வந்தது உள்ளங்கை அகலமே உள்ள ஓர் அட்டை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே வெறுமனே கிடந்த ஒரு செருகுவாயில் அவ்வட்டையை அழுத்திப் பொருத்தி, பின்புறம் சிறு ஏரியலைத் திருகிவிட்டால், கம்பியின் கட்டிலிருந்து கணினி விடுபட்டது.

அந்தச் செயலுக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால், அந்தப் பத்து நிமிடம் கைகூடுவதற்கு உலகம் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வாயில்கள் திறந்திருக்க வேண்டியிருந்தன. ஒன்று கணினிப் பெட்டிக்குள் இருந்த வாயில். மற்றொன்று வான்வெளியில் இருந்த வாயில். அவற்றைத் திறந்தவர் யார், மூட முயன்றவர் யார் என்பதே கம்பியில்லா வலையட்டையின் வரலாறு.

பெட்டிக்குள் ஒரு வாயில்

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், போகா ரேட்டன் என்னும் ஊரில், விரைந்து முடிக்க வேண்டிய பணியாக அது உருவாக்கப்பட்டது. அதன் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. திரைக்கும் வட்டுக்கும் வேண்டிய அட்டைகள் சிலவற்றை நிரப்பின. எஞ்சியவை வெறுமனே இருந்தன.

வெறுமையான அச்செருகுவாய் ஓர் அடக்கத்தின் அடையாளம் எனலாம். நாளை என்ன வரும் என்பதைத் தாம் முற்றும் அறியோம் என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டதன் சான்று அது. அதனினும் பெரிய செயல் ஒன்றையும் ஐபிஎம் செய்தது. கணினியின் மின்சுற்று வரைபடங்களைத் தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு விற்றது. அதனைப் படித்த எவரும் அந்தச் செருகுவாய்க்கு ஏற்ற அட்டையைச் செய்ய முடிந்தது. மறு ஆண்டே, 1982-இல், த்ரீகாம் என்னும் நிறுவனம் கம்பிவழி வலையமைப்புக்கான அட்டையை அக்கணினிக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியாக இருந்த மேசைக் கணினி பிற கணினிகளோடு பேசத் தொடங்கிய காலம் அது.

திறந்த வாயில் பிறருக்கும் பயன்பட்டது, போட்டியாளர் பெருகினர். 1987-இல் ஐபிஎம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. அவ்வாண்டு வந்த அதன் புதிய வரிசைக் கணினிகளில் 'மைக்ரோ சேனல்' என்னும் புதுவகைச் செருகுவாய் அமைந்தது. அது சிறந்த அமைப்பே. ஆனால், பயன்படுத்த விரும்புவோர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். 1988-இல் ஒன்பது போட்டி நிறுவனங்கள் ஒன்று திரண்டு, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்று அமைப்பொன்றை அறிவித்தன. மைக்ரோ சேனல் சந்தையில் வேரூன்றாமலே மறைந்தது. 1992-இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பிசிஐ என்னும் அமைப்பு நாளடைவில் எல்லாருக்கும் பொதுவாயிற்று. பின்னாளில் கம்பியில்லா அட்டை வந்து அமர்ந்தது பெரும்பாலும் இந்தப் பிசிஐ இருக்கையில்தான்.

தீவுகளுக்கிடையே பிறந்த முறை

இனி, வான்வெளி வாயிலைக் காண்போம். அதன் கதை பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஒவாஹு தீவில் இருந்தது. அதனைப் பயன்படுத்த விரும்பிய பிற வளாகங்களோ வேறு தீவுகளில் இருந்தன. இடையே கடல். தொலைபேசிக் கம்பி உண்டு; ஆனால், கட்டணம் மிகுதி, தரம் குறைவு.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் நார்மன் ஏப்ரம்சன். பாஸ்டன் நகரில் 1932-இல் பிறந்த இவர், அலைச்சறுக்கு விளையாட்டின்மேல் கொண்ட காதலால் ஹவாய்க்குக் குடிபெயர்ந்த பேராசிரியர். கடலலையை நாடி வந்தவர் வானலையில் பெயர் பதித்தார். அவரும் அவர்தம் குழுவினரும் அமைத்த கம்பியில்லா வலையமைப்பு 1971-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இயங்கத் தொடங்கியது. 'அலோஹா' என்பது அதன் பெயர். ஹவாய் மக்கள் வரவேற்கும்போதும் விடைகொடுக்கும்போதும் அன்பைச் சொல்லும்போதும் வழங்கும் சொல் அது. நடுவிலிருந்து செய்திகளை ஏற்று அனுப்பிய கருவிக்கு 'மெனஹூனே' என்று பெயரிட்டனர். இரவில் யாரும் காணாமல் வேலை செய்து முடிக்கும் குள்ளர்களை ஹவாய் மக்களின் பழங்கதைகள் அப்பெயரால் அழைக்கின்றன.

அலோஹாவின் முறை வியப்புக்குரிய எளிமை வாய்ந்தது. எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யாருக்கும் முறை வைத்து நேரம் ஒதுக்கப்படவில்லை. சொல்லவேண்டிய செய்தியைச் சிறு பொட்டலமாகக் கட்டி, வேண்டியபோது அனுப்பலாம். போய்ச் சேர்ந்ததாக மறுமொழி வந்தால் நன்று. வராவிட்டால், வேறொருவர் பொட்டலத்தோடு அது மோதிச் சிதைந்தது என்று கொண்டு, சற்றே பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். எவ்வளவு பொறுப்பது? அங்கேதான் நுட்பம் இருந்தது. மோதிய இருவரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மீண்டும் மோதுவர். ஆகவே, ஒவ்வொருவரும் குலுக்கல் முறையில் கிடைத்த ஏதேனும் ஒரு கால அளவு காத்திருக்க வேண்டும்.

இம்முறையில் அலைவரிசையின் முழுக் கொள்ளளவில் 18 விழுக்காட்டுக்குச் சற்று மேலே மட்டுமே பயன்படும் என்பதை ஏப்ரம்சனே கணக்கிட்டுக் காட்டினார். எஞ்சியது மோதலிலும் வெறுமையிலும் கழியும். கணக்குப் பார்ப்பவர்க்கு இது பெரும் வீண். ஆனால், தலைவன் இன்றி, அட்டவணை இன்றி, முன்பின் அறியாதவர் பலர் ஒரே வெளியைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை மெய்ப்பித்ததற்கு அது கொடுத்த விலை மலிவே.

ஏப்ரம்சனின் கட்டுரையைப் படித்த இளைஞர் ராபர்ட் மெட்காஃப், கலிபோர்னியாவில் உள்ள ஸெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் அதே எண்ணத்தைக் கம்பிக்குள் கொண்டுவந்தார். 1973-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பிலிருந்து பிறந்ததே 'ஈதர்நெட்' என்னும் வலையமைப்பு. அவர் ஒரு திருத்தம் செய்தார். பேசுமுன் கேள், பிறர் பேசிக்கொண்டிருந்தால் பொறு என்பது அத்திருத்தம். மேலே சொன்ன த்ரீகாம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் அவரே. வானில் பிறந்த கருத்து கம்பிக்குள் புகுந்து மேசைக் கணினியை வந்தடைந்தது. அது மீண்டும் வானுக்குத் திரும்ப ஒரு தடை இருந்தது. வான்வெளியில் எளியவனுக்கு இடமில்லை.

வானத்தின் புறம்போக்கு

ஊர்ப்புறங்களில் பட்டா நிலம் என்றும் புறம்போக்கு என்றும் இருவகை நிலம் உண்டு. பட்டா நிலத்துக்கு உடையவன் உண்டு, வேலி உண்டு. புறம்போக்கு யாருக்கும் உரியதன்று. ஆகவே எல்லாருக்கும் உரியது. வானலைகளும் இவ்வாறே பகுக்கப்பட்டிருந்தன. ஒலிபரப்புக்கு, காவல் துறைக்கு, விமானங்களுக்கு, படைகளுக்கு என ஒவ்வோர் அலைவரிசையும் உரிமம் பெற்றவர்க்கே சொந்தம். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம்.

ஆயினும், ஒரு சில வரிசைகளைப் பேச்சுக்கு உதவாதவை என்று தள்ளி வைத்திருந்தனர். தொழிற்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வெப்பம் உண்டாக்கும் கருவிகள் வானலை இரைச்சலைக் கக்குகின்றன. அவ்விரைச்சலை ஒரு மூலையில் ஒதுக்கவே 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக மாநாட்டில் சில வரிசைகள் விடப்பட்டன. 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசை அவற்றுள் ஒன்று. சமையலறையில் உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இயங்குகிறது. குப்பை கொட்டும் இடத்தில் குடியிருக்க யார் வருவார்?

அந்தக் குப்பைமேட்டைக் குடியிருப்பாக்கலாம் என்று எண்ணியவர் அமெரிக்கக் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையத்தில் பணியாற்றிய பொறியாளர் மைக்கேல் மார்க்கஸ். செய்தியை ஒரே அலைவரிசையில் குவிக்காமல் அகன்ற பரப்பில் மெல்லியதாகத் தூவினால், இரைச்சலின் நடுவிலும் அது பிழைத்திருக்கும். அண்டை வீட்டாருக்கும் தொல்லை தராது. படைத்துறையில் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்த உத்தி இது. இதன் உறவுமுறையான வேறோர் உத்திக்கு, அதாவது அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறைக்கு, வியன்னாவில் பிறந்த திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-இல் காப்புரிமை பெற்றிருந்தனர். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள் கொண்ட திட்டம் அது. வைஃபையைக் கண்டுபிடித்தவரே அந்நடிகைதான் என்று சிலர் சொல்வது மிகை. ஆயினும், வேர்களுள் ஒன்று அங்கும் உண்டு.

நிலைபெற்ற நிறுவனங்கள் பல எதிர்த்தன. எதிர்ப்பையும் மீறி 1985-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் ஆணையம் ஒப்புதல் அளித்தது. 900, 2,400, 5,700 மெகாஹெர்ட்ஸ்களை ஒட்டிய மூன்று வரிசைகள் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. நிபந்தனைகள் சிலவே. ஆற்றல் ஒரு வாட்டுக்கு மேற்படக் கூடாது. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் வரும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொதுநிலத்தில் நடமாடுவோர்க்கு விதிக்கத்தக்க முறைகளும் இவைதாமே! புறம்போக்கில் கூட்டம் சேரத் தொடங்கியது.

பணப்பெட்டி தந்த தூண்டுதல்

முதலில் வந்து குடியேறியவர்களுள் ஒரு பணப்பெட்டி நிறுவனமும் இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் 1884-இல் தொடங்கப்பட்ட என்சிஆர் நிறுவனம் கடைகளுக்குக் கணக்குப் பொறி செய்து விற்றுவந்தது. பெரிய அங்காடிகளில் பொருள்களை இடம் மாற்றி அடுக்கும்போதெல்லாம் கணக்குப் பொறிகளும் இடம் மாறும். தரையைப் பெயர்த்துக் கம்பியையும் மாற்ற வேண்டும். கம்பியே இல்லாவிட்டால் என்ன என்பது கடைக்காரரின் கேள்வி. அதற்கு விடை தேடும் பொறுப்பு நெதர்லாந்தில் இருந்த அந்நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு வந்தது. 'வேவ்லேன்' என்ற பெயரில் 1990-இல் வெளிவந்த அட்டை அவர்கள் அளித்த விடை. மேசைக் கணினியின் செருகுவாயில் பொருந்தி, நொடிக்கு 20 லட்சம் பிட் வேகத்தில் செய்தி அனுப்பிய அதன் விலை ஆயிரம் அமெரிக்க வெள்ளிக்கு மேல். உள்ளே பொருத்தும் கம்பியில்லா அட்டை என்னும் இனத்தின் முன்னோர்களுள் ஒன்று அது.

கருவி இருந்தால் மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் அட்டை மற்றொன்றின் அட்டையோடு பேச வேண்டும். இல்லையேல், வீட்டுக்கொரு மொழி பேசும் ஊராகும். 1990-இல் மின், மின்னணுப் பொறியாளர் கழகம் '802.11' என்னும் எண்ணிட்ட குழுவை அமைத்தது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் என்சிஆர் பொறியாளர் விக் ஹேய்ஸ். நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சுரபாயா நகரில், அது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த 1941-இல் பிறந்தவர் இவர். போட்டி நிறுவனங்களின் ஆட்கள் ஒரே மேசையில் அமர்ந்து, முக்கால் பங்கினர் இசைந்தால் அன்றி எதுவும் நிறைவேறாது என்னும் விதியின்கீழ் வாதாடினர். பத்தாண்டுகள் அக்குழுவை ஹேய்ஸ் நடத்திச் சென்றார். ஏழாண்டு வாதத்துக்குப் பின் 1997-இல் முதல் தரம் வெளிவந்தது.

அத்தரம் வகுத்த நடைமுறையில் ஏப்ரம்சனின் குரலும் மெட்காஃபின் குரலும் சேர்ந்தே ஒலித்தன. பேசுமுன் கேட்க வேண்டும். அமைதி நிலவினாலும் உடனே பாய்ந்துவிடாமல், குலுக்கலில் விழுந்த அளவு காத்திருக்க வேண்டும். அனுப்பியதற்கு மறுமொழி வராவிட்டால் மீண்டும் முயல வேண்டும். கம்பியில் பேசுவோன் மோதலைத் தானே உணர முடியும். வானில் அஃது இயலாது. தன் குரலின் ஓங்கலில் பிறர் குரல் செவியில் விழாது. ஆகவே மறுமொழி கட்டாயமாயிற்று. சுருங்கக் கூறின், அவை நாகரிகம் என்று நாம் சொல்வதைப் பொறிகளுக்குக் கற்பித்த சட்டம் அது.

எதிரொலியை வென்றவர்

எனினும், வேகம் போதவில்லை. பெரிய மண்டபத்தில் விரைந்து பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் விழுந்து குழப்பும். வீட்டுக்குள் வானலையின் நிலையும் அதுவே. சுவரிலும் அலமாரியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து செய்தியைக் கலைத்தன.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த ஐவர் குழு குறிப்பிடத்தக்கது. குழுவின் தலைவர் ஜான் ஓ'சலிவன் ஒரு வானொலி வானியலார். கருந்துளைகள் வெடிக்கும்போது எழக்கூடிய வானலைத் துடிப்புகளை 1970-களில் அவர் தேடினார், அவை கிடைக்கவில்லை. ஆனால், கலங்கிய அலைகளைக் கணிதத்தால் தெளிவிக்கும் பயிற்சி கிடைத்தது. விண்மீன்களிடம் கற்றது அறைக்குள் உதவியது. ஒரே விரைந்த ஓட்டமாகச் செய்தியை அனுப்பாமல், பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பினால், எதிரொலி அடங்கும் வரை ஒவ்வொன்றுக்கும் நேரம் கிடைக்கும். இக்கண்டுபிடிப்புக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிட்டியது. 1999-இலும் 2003-இலும் வந்த தரங்கள் இத்தகைய முறையால் நொடிக்கு 5 கோடியே 40 லட்சம் பிட் வேகத்தை எட்டின. அக்காப்புரிமைக்காகக் கணினி நிறுவனங்களோடு நீண்ட வழக்குகள் நடந்தன. 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட உடன்பாடுகளையும் சேர்த்து அந்நிறுவனம் 43 கோடி ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல் பெற்றது. வெளி இலவசமானாலும் அறிவுக்கு விலை உண்டு என்பதை அவ்வழக்குகள் உணர்த்தின.

பெயரும் விலையும்

'802.11' என்னும் எண்ணைச் சொல்லிக் கடையில் எவரும் பொருள் கேட்க மாட்டார். 1999-இல் ஆறு நிறுவனங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. ஒருவர் செய்த கருவி மற்றவர் செய்ததோடு இணங்கிப் பேசுகிறதா என்று சோதித்து முத்திரையிடுவது அதன் பணி. பெயர் சூட்டும் நிறுவனம் ஒன்றிடம் கேட்டுப் பெற்ற 'வைஃபை' என்னும் சொல் அம்முத்திரையில் அமர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிக்கு 99 அமெரிக்க வெள்ளிக்குக் கம்பியில்லா அட்டையை அறிவித்தது. அக்டோபரில் வந்த அதன் ஐமேக் மேசைக் கணினியிலும் அவ்வட்டைக்கு இடம் வைத்திருந்தது. ஆயிரத்துக்கு மேல் விற்ற பொருள் ஒன்பதாண்டுகளில் நூறுக்குள் வந்தது.

எனினும், புதுமையில் முன்னே நடந்தது மடிக்கணினியே. எங்கும் எடுத்துச் செல்லும் பொருளுக்கே கம்பி பாரம். ஓரிடத்தில் இருக்கும் மேசைக் கணினிக்கு எதற்கு என்று செய்வோர் எண்ணினர் போலும். 2003-க்குப் பின் மடிக்கணினிகளில் வைஃபை பிறவியிலேயே அமையலாயிற்று. மேசைக் கணினிகள் பெரும்பாலானவை கம்பிக்கான துளையோடு மட்டுமே விற்கப்பட்டன. அந்தக் குறையை நிரப்பவே தனி அட்டைகள் சந்தைக்கு வந்தன. தொடக்கத்தில் வந்தவற்றுள் பல, மேசைக் கணினிக்கென்றே செய்யப்பட்டவையும் அல்ல. மடிக்கணினியின் சிறிய அட்டையைச் செருகுவதற்கு ஒரு தாங்கு பலகை செய்து, அதனைப் பெட்டிக்குள் பொருத்தினர். அண்ணன் வீட்டில் தம்பியின் உடைமை போல அது அங்கே குடியிருந்தது.

பொருத்தும் முறையும் காலத்தோடு மாறியது. வேவ்லேன் நாளில் அட்டைக்கு எந்த எண், எந்த முகவரி என்று பயனாளரே அமைத்துத் தர வேண்டும். ஒலி அட்டையோடு எண் மோதினால் இரண்டும் வாய் மூடிவிடும். பிசிஐ வந்தபின் கணினி தானே விசாரித்து இடம் ஒதுக்கியது. மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலில் தேங்கிய நிலைமின்னை நீக்கி, பின்புறத் தகட்டின் திருகைக் கழற்றி, அட்டையை நேராக நிறுத்தி அழுத்தினால் முக்கால் வேலை முடிந்தது. எஞ்சியது இயக்கி நிரலை ஏற்றுவதே.

இடையூறுகளும் இல்லாமல் இல்லை. மேசைக் கணினியின் பெட்டி இரும்பால் ஆனது; அது பெரும்பாலும் மேசைக்கு அடியில், முதுகைச் சுவருக்குக் காட்டி நிற்கும். ஏரியலோ அந்த முதுகில். அலைகளுக்கு அதைவிடப் பெரிய அரண் வேண்டியதில்லை. ஆகவே, நீண்ட வடத்தில் ஏரியலை மேசைமேல் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் எழுந்தது. சாதாரண ஏரியல் இவ்வட்டைகளில் பொருந்தாமல் பலர் வியந்ததற்கும் காரணம் உண்டு. மிகப் பெரிய ஏரியலைப் பூட்டி ஆற்றல் வரம்பை மீறாதிருக்க, வழக்கத்துக்கு மாறான இணைப்பு வேண்டும் என்று அமெரிக்க விதி வற்புறுத்தியது; அதனாலேயே உட்புறமும் வெளிப்புறமும் தலைகீழான திருகு வந்தது. பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தில் பாதிக்கும் குறைவே கைக்கு எட்டியது என்பதையும் மறைப்பதற்கில்லை. காத்திருத்தலுக்கும் மறுமொழிக்கும் நேரம் செலவாயிற்று. அவை நாகரிகத்துக்குச் செலுத்திய கட்டணம் அது.

பூட்டு உடைந்த கதை

கம்பி சுவருக்குள் அடங்கும். வானலை சுவரைக் கடந்து தெருவுக்கும் போகும். இதற்கென முதல் தரத்திலேயே ஒரு பூட்டு இருந்தது. 2001-இல் ஃபுளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர் அப்பூட்டின் குறையைக் கணித முறையில் வெளிப்படுத்தினர். விரைவில், எளிய கணினி கொண்டே எவரும் அதனைத் திறக்க முடிந்தது. 2003-இல் ஓர் இடைக்காலப் பூட்டும் 2004-இல் உறுதியான பூட்டும் வந்தன. இடைக்காலப் பூட்டு, விற்றுப்போன பழைய அட்டைகளிலும் இயங்கும்படி வேண்டுமென்றே இலகுவாக வடிவமைக்கப்பட்டது. உறுதியான பூட்டுக்கோ புது அட்டை வேண்டியிருந்தது. செருகுவாய் உள்ள மேசைக் கணினியில் பழைய அட்டையைக் கழற்றிப் புதியதைப் போட்டனர். கணினி அப்படியே இருந்தது. திறந்த வாயிலின் அருமை இத்தகைய வேளையில்தான் விளங்கும்.

மூடப்படும் வாயில்கள்

2003-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் புதிய செருகுவாய் அமைப்பு வெளிவந்தது. வைஃபை தரங்களும் 2009, 2013, 2021 என அடுத்தடுத்து உயர்ந்தன. 2020 ஏப்ரலில் அமெரிக்க ஆணையம் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள புதிய புறம்போக்கைத் திறந்துவிட்டது. 1985-இல் குப்பைமேட்டில் தொடங்கிய முயற்சி நல்ல நிலத்தையே கேட்டுப் பெறும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வானத்து வாயில் அகலமாகும் அதே காலத்தில், பெட்டிக்குள் இருந்த வாயில் குறுகி வருகிறது என்பது சிந்தனைக்குரியது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் கம்பியில்லாச் சில்லைத் தாய்ப்பலகையோடு ஒட்டிப் பற்றவைத்துவிடுகின்றனர், கழற்ற இயலாது. செருகுமிடம் இருந்தும், தாம் ஒப்பிய அட்டை அன்றி வேறெதையும் ஏற்காதபடி சில கணினிகள் அமைக்கப்பட்டன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து, குறிப்பிட்ட செயலியோடு மட்டும் இயங்கும் அட்டைகளும் உள்ளன. 1987-இல் மைக்ரோ சேனல் செய்ய முயன்றதை இவை அரவமின்றிச் செய்கின்றன. ஒரு சில்லு காலாவதியானால் முழுக் கருவியும் குப்பைக்குப் போகிறது.

2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரல் 8-ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகள் வீட்டுவழிக் கற்றலுக்கு மாறின. வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. பிள்ளைகள் இருவர், மூவர் உள்ள வீடுகளில் ஒரு கணினி போதவில்லை. அத்தகைய நாளில், பின்னறையில் துணி போர்த்திக் கிடக்கும் மேசைக் கணினிக்குள் வெறுமையான ஒரு செருகுவாய் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. இருந்தால், ஒரு சிறிய அட்டையால் ஒரு பிள்ளைக்கு வகுப்பறை கிடைக்கும். இல்லையேல், புதுக் கணினிக்குப் பணம் உள்ளவர் பிள்ளைக்கே அது கிடைக்கும்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், தம் 88-ஆம் வயதில், சான் பிரான்சிஸ்கோ நகரில் நார்மன் ஏப்ரம்சன் காலமானார். உலகமே வீட்டுக்குள் அடைபட்டு, அவர் தீவுகளுக்காக வகுத்த முறையின் வழித்தோன்றலால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஒவ்வொரு வீடும் ஒரு தீவாகியிருந்தது.

அவர் விட்டுச் சென்ற பாடம் எளிது. பொதுவெளியில் இடம் வேண்டுவோன் பொறுக்கவும் மீண்டும் முயலவும் கற்க வேண்டும். போகா ரேட்டன் பொறியாளர்கள் விட்டுச் சென்ற பாடம் அதனினும் எளிது. எதைச் செய்தாலும், பின்னே வருவோர்க்காக ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும்.